வதனியின் வலது கை

1

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது பனியும் குளிரும் பற்றிய குறிப்பு அல்ல. அந்த வகையில் இரண்டு மூன்று எழுதி ஏற்கெனவே உங்களைப் போதுமான அளவு அறுத்திருக்கிறேன். இம்முறை என்னை எழுத வைத்தது கொழும்பில் விசா விண்ணப்பங்களை வாங்கும் ஓர் அலுவலகத்தில் இருக்கும் சின்னக் கண்ணாடிப் பெட்டி. கைரேகை எடுக்கிற பெட்டி.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நோர்வேயில் நான் வேலை பார்க்கும் ஆய்வுகூடத்தில் கையுறையோடு நின்றபோது தங்கை வதனி அழைத்தாள். வேலை நேரத்தில் அழைக்கிறவள் அல்ல. அப்பா முன்னமே போய்விட்டார், அம்மா போய் இரண்டு வருடம். கொக்குவில் வீட்டில் தனியாக இருக்கிறாள். கோடையில் மூன்று மாதம் வந்து என்னோடு நில் என்று நான் கெஞ்சி, அவள் மசிந்து, விண்ணப்பம் போட்டு, அன்றுதான் கைரேகை கொடுக்கப் போயிருந்தாள்.

"அக்கா, மெசின் என்ரை வலக்கையை எடுக்குதில்லை."

"என்னண்டு எடுக்குதில்லை?"

"நாலு தரம் வைச்சுப் பாத்தாச்சு. துடைச்சுப் போட்டும் வைச்சாச்சு. இடக்கை சரியாம். வலக்கையிலை ரேகையே இல்லையாம். அதிலை இருந்த பிள்ளை பாவம், தானே பிடிச்சு அமத்திப் பாத்தது. ரெண்டு விரல் நிமிராது எல்லோ, அது கண்ணாடியிலை படவேயில்லை."

"பிறகு?"

"டொக்டரிட்டைக் கடிதம் வாங்கச் சொல்லியிருக்கினம். அதோடை கூப்பிடுற ஆளும் ஒரு கடிதம் தரவேணுமாம், காயம் எப்பிடி வந்ததெண்டு. பத்து நாளுக்குள்ளை. நீ அப்ப வீட்டிலை நிண்டனி தானே, எழுதி அனுப்பு."

"என்ன எழுதுறது?"

"இதென்ன கேள்வி? நான் விளக்கைத் தட்டி விழுத்தினது எண்டு எழுது. உண்மை அதுதானே."

ஓம் என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்றைக்கு வேறு வேலை ஓடவில்லை.

2

என் உத்தியோகத்தைப் பற்றி ஊரில் கேட்டவர்களுக்கு அம்மா, "மூத்தவள் ஆஸ்பத்திரியிலை ரத்தம் சோதிக்கிறாள்" என்றுதான் கடைசி வரை சொல்லிவந்தார். நான் திருத்தவில்லை. உண்மையில் நான் ரத்தம் சோதிப்பதில்லை. கலங்கள் நகர்வதைப் பார்க்கிறேன். தமிழ்நாட்டில் செல் என்கிறார்கள், நாங்கள் பள்ளிக்கூடத்தில் கலம் என்று படித்தோம்.

வந்த புதிதில் மீன் தொழிற்சாலையில் சால்மன் வெட்டினேன். பிறகு மொழி படித்து, அதற்குப் பிறகு ஆய்வுகூட வேலை படித்து, இந்த இடத்துக்கு வந்து சேர நாற்பது வயது தாண்டிவிட்டது. எங்கள் குழு தோலின் அடிப்பகுதியிலிருக்கும் கலங்களை வளர்க்கிறது. காயம் பட்டால் ஓடிப்போய் மூடுகிற கலங்கள் அவைதான். அவை ஓடுவதற்குத் தரை எப்படி இருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

தரையைச் செய்வது என் வேலை. இரண்டு திரவங்களைக் கலந்தால் கடற்பாசி ஜெலி போல உறையும். ஒன்றைக் கூட்டினால் இறுக்கமாகும், குறைத்தால் கொழகொழவென்று நிற்கும். அதன்மேல் கலம் பிடித்துக்கொள்ள ஒரு புரதத்தை மெல்லியதாகப் பூசுவேன். மெத்தென்ற தரையில் விட்ட கலம் உருண்டையாகக் குந்திக்கொண்டிருக்கும். அதே கலத்தை இறுக்கமான தரையில் விட்டால் தட்டையாக விரியும். முன்னால் ஒரு பாதத்தை நீட்டும், பிடிக்கும், இழுத்துப் பார்க்கும். தரை இழுபடாமல் நின்றால் உடம்பை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுப் பின்பக்கத்தை விடும்.

பாதி மெத்து, பாதி இறுக்கமாக ஒரே தரையைச் செய்து எல்லையில் கலத்தை விட்டால் வேடிக்கை. மெத்துப் பக்கம் இருந்தது எல்லையைக் கடந்து இறுக்கமான பக்கம் போகும். இறுக்கமான பக்கம் இருந்தது எல்லை வரை வந்து, ஒரு பாதத்தை மெத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். அதற்குக் கண் கிடையாது, மூளை கிடையாது. இழுத்துப் பார்த்துத்தான் எல்லாம் தெரிந்துகொள்கிறது.

முதல் தடவை குழுக் கூட்டத்தில் இதை என் அரைகுறை நோர்வேஜிய மொழியில் விளக்கப் போய், "கலம் மெத்தென்ற தரையை நம்பாது" என்று சொல்லிவிட்டேன். சிரித்தார்கள். கலம் நம்புமா, நம்பாதா, அது என்ன மனுசரா என்று ஒரு பெடியன் கேட்டான். எங்கள் தலைமை ஆய்வாளர் மட்டும் சிரிக்கவில்லை. நான் சொன்னதை அப்படியே பலகையில் எழுதி வைத்தார். இன்றைக்கும் அந்த மூலையில் அழியாமல் இருக்கிறது.

வதனி அழைத்த அன்று அந்தப் பலகையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

3

இனி நடந்ததைச் சொல்கிறேன். இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. எனக்குப் பத்தொன்பது, வதனிக்குப் பதின்மூன்று. கொக்குவிலில் எங்கள் வளவுக்குப் பின்னால் ரயில் பாதை. ரயிலும் இல்லை, தண்டவாளமும் இல்லை. சிலிப்பர் கட்டைகள் பங்கர் குழிகளை மூடப் போய்விட்டன. வெறும் கல்லு மேடுதான் கிடந்தது. சண்டையும் பொருள் தடையுமாக, மின்சாரம் போய் இரண்டு வருடமாகியிருந்தது. நான் உயர்தரப் பரீட்சைக்கு இரண்டாம் தடவை படித்துக்கொண்டிருந்தேன். உயிரியல்.

ஜாம் போத்தல் விளக்கை மறந்தவர்கள் இருக்க மாட்டீர்கள். மறந்திருந்தால் சொல்கிறேன். போத்தலின் அடியில் பஞ்சு, அது நனைகிற அளவுக்கு இரண்டு கரண்டி மண்ணெண்ணெய், சைக்கிள் வால்வுக் குழாய்க்குள் ஒரு திரி. சுடர் போத்தலுக்குள்ளேயே எரியும், காற்றுக்கு அணையாது. இரண்டு கரண்டியில் மூன்று மணித்தியாலம் படிக்கலாம். நெருப்புப்பெட்டி விற்ற விலைக்கு யார் குச்சி உரசுவது? அடுப்பிலிருந்து ஈர்க்கில் நெருப்பு எடுத்துப் போத்தலுக்குள் நீட்டிக் கொளுத்துவோம்.

அப்பா வாத்தியார். அவரிடம் ஒரு பழைய மோட்டார்சைக்கிள் இருந்தது. அப்போது எல்லோருடைய வண்டியும் போல அதுவும் மண்ணெண்ணெயில் ஓடியது. ஆனால் மண்ணெண்ணெயில் ஸ்டார்ட் வராது. நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு உதைத்துக் கிளப்பி, கிளம்பின பிறகுதான் மண்ணெண்ணெய். பெற்றோல் மருந்து போல. அதை ஒரு சேலைன் போத்தலில் பூட்டாத குறையாக வைத்திருந்தார். மண்ணெண்ணெயும் சேலைன் போத்தலில்தான். அந்தக் காலத்தில் போத்தல் என்றாலே சேலைன் போத்தல்தானே. மாறாமலிருக்க, பெற்றோல் போத்தலின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டியிருந்தார். "சிவப்பு நூலிலை ஒருத்தரும் கை வைக்கக்கூடாது" என்பது வீட்டில் சட்டம்.

நான் வைத்தேன். என்னுடைய உயிரியல் கொப்பி கட்டுவிட்டுத் தாள் தாளாகப் போய்க்கொண்டிருந்தது. கடையில் நூல் இல்லை. அப்பாவின் நூலை அவிழ்த்துக் கொப்பியைக் கட்டினேன். வேறு ஏதாவது கிடைத்ததும் போத்தலில் கட்டிவிடலாம் என்று நினைத்தேன். மூன்று நாள் போயிற்று, மறந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் பொழுதுபடும் நேரம். எனக்குக் கடும் தடிமன், மூக்கில் ஒரு மணமும் பிடிக்கவில்லை. சுவர்த்தட்டில் இருந்த இரண்டு போத்தலில் கையில் முதலில் அகப்பட்டதை எடுத்து விளக்குக்குள் விட்டேன். அது பஞ்சில் ஊறினது மண்ணெண்ணெய் மாதிரியே இருந்தது. விளக்கை மேசையில் வைத்துவிட்டு, "வதனி, கொளுத்திவிடு" என்று சொல்லிக்கொண்டு முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனேன்.

வாளி பாதிக் கிணற்றில் நிற்கும்போது சத்தம் கேட்டது. குப்பென்று ஒரு சத்தம், அதற்குப் பிறகு போத்தல் உடைகிற சத்தம். இந்த ஒழுங்கை நான் மாற்றமாட்டேன். முதலில் குப், பிறகுதான் போத்தல். விளக்கு விழுந்ததால் பற்றவில்லை. பற்றியதால்தான் விழுந்தது.

அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தபோது நிலத்தில் உடைந்த போத்தலும் வதனியின் வலது கையில் நெருப்பும். சாக்கைப் போட்டு அணைத்தார். அணைத்த கையோடே, "தட்டி விழுத்திப் போட்டியேடி, கண் எங்கையடி வைச்சிருந்தனி?" என்று கத்தினார். வதனி பேயறைந்தவள் மாதிரி நின்றாள். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, "ஓம் அம்மா, தட்டுப்பட்டிட்டுது" என்றாள். அம்மா சொன்னதை அந்த நேரமே நம்பிவிட்டாள்.

அப்பா அவளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார், அம்மாவும் பின்னால் ஓடினார். நான் வீட்டைப் பார்க்க நின்றேன். சுவர்த்தட்டுக்குப் போய் நான் எடுத்த போத்தலின் மூடியைத் திறந்தேன். மணம் பிடிக்கவில்லை. ஒரு சொட்டு விரலில் விட்டுப் பார்த்தேன். குளிர்ந்து, ஊதுவதற்குள் காய்ந்து போயிற்று. மண்ணெண்ணெய் அப்படிக் காயாது.

பிறகு நான் செய்ததுதான் இந்தக் குறிப்பை எழுத முப்பது வருடத்துக்கு மேல் எடுத்ததற்குக் காரணம். கொப்பியை அவிழ்த்தேன். சிவப்பு நூலை எடுத்துப் போத்தலின் கழுத்தில் முன்பு இருந்த மாதிரியே இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினேன்.

4

ஆஸ்பத்திரியில் மருந்தும் இல்லை, கோஸ் துணியும் இல்லை. இருந்ததைத் துவைத்துத் துவைத்துக் கட்டினார்கள். எட்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காயம் கட்டுகிற வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அம்மாவுக்கு அது பெருமை. "மூத்தவள் பாத்துக்கொள்ளுவாள்" என்று அயலில் சொன்னார்.

பழைய நூல் சேலையைக் கிழித்து அவித்துக் காயவைத்துக் கட்டுவேன். காலையில் அவிழ்க்க வேண்டும். உப்புப்போட்டுக் கொதித்தாறிய தண்ணீரை விட்டு விட்டு ஊறவைத்து, ஓரத்திலிருந்து உரிப்பேன். சேலையின் ஒவ்வொரு இழையிலும் புதுத்தோல் ஏறிப் பிடித்திருக்கும். அரை மணித்தியாலம் போகும். கடைசியில் துணியோடு தோலும் வரும். முதல் நாள் மூடினதை மறுநாள் காலை நானே பிய்த்தெடுத்தேன்.

வதனி கத்தவில்லை. ஒரு நாளும் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வளவில் நின்ற வாழையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான்தான் அழுதேன். கண்ணீர் காயத்தில் விழுந்துவிடுமென்று தோளில் முகத்தைத் துடைத்துத் துடைத்து உரிப்பேன்.

மூன்றாவது வாரம் காட்டப் போனபோது வார்டில் இருந்த மிஸி, நேர்ஸை அப்படித்தானே கூப்பிடுவோம், துணியைப் பார்த்துவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார்.

"உதாலையே கட்டுறாய்?"

"ஓம் மிஸி, அவிச்சுத்தான்..."

"அவிச்சால் மட்டும் காணுமே? சொரசொரப்பிலை தோல் ஏறிப் பிடிக்குதெல்லோ. வீட்டிலை வாழை நிக்குதே? குருத்துக்கு அடுத்த இலையை எடு. கழுவி, நீத்துப்பெட்டியிலை வைச்சு நல்லா அவி. நடு நரம்பை வெட்டு. வழுவழுப்பான பக்கம் காயத்திலை இருக்கட்டும்."

புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டியில் இலை அவித்தேன். மறுநாள் காலை கட்டை அவிழ்த்தபோது இலை தானாகக் கழன்று என் கையில் வந்தது. தோல் ஒன்றும் அதோடு வரவில்லை. காயத்தின் ஓரத்தில் மெல்லிய ரோசா நிறத்தில் ஒரு கரை, முதல் நாளைவிட உள்ளே வந்திருந்தது. வதனி தன் கையைப் பார்த்து, "வாழையிலைச் சாப்பாடு கட்டின மாதிரிக் கட்டுறாய்" என்று சிரித்தாள். காயம் பட்ட பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

இங்கே ஆய்வுகூடத்தில் மிக நுண்ணிய கோடுகள் கீறிய தட்டுகள் இருக்கின்றன. கலத்தை விட்டால் கோட்டின் வழியே நீண்டு, கோட்டின் வழியே மட்டும் போகும். இழை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். அந்தத் தட்டை முதன்முதல் நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. அம்மாவின் நூல் சேலை மட்டும்தான் தெரிந்தது.

5

காயம் மூடியது. அத்தோடு முடிந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

மூடுகிறபோதே உள்ளங்கை சுருங்கத் தொடங்கியது. விரல்கள் உள்ளே வளைந்தன. மிஸி எச்சரித்திருந்தார். "தோல் சுருங்கேக்கை விரலையும் இழுத்துக்கொண்டு போகும். பலகையிலை நிமித்திக் கட்டி வையுங்கோ. சாப்பிடேக்கை மட்டும் அவிழுங்கோ. அவள் என்ன சொன்னாலும் விட்டுக் குடுக்காதேங்கோ."

அப்பா கூரைக்குப் போடுகிற பனஞ்சிலாகையில் கையளவுக்கு ஒரு பலகை சீவி, கண்ணாடித் துண்டால் மினுக்கித் தந்தார். அதில் விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்திக் கட்டினேன். துணி உரிக்கும்போது வாயே திறக்காத வதனி இதற்குத்தான் கேட்டாள். அம்மா மத்தியானம் சரிகிற நேரம் பார்த்து மெதுவாகக் கேட்பாள்.

"அக்கா, கொஞ்ச நேரம் அவிட்டு விடு. குத்துது."

"மிஸி என்ன சொன்னவ?"

"கொஞ்ச நேரம்தான். அம்மா எழும்ப முன்னம் கட்டு."

வேறு யாராவது கேட்டிருந்தால் மறுத்திருப்பேன். நான் சுட்ட கை அது. அந்தக் கைக்காரி கேட்கும்போது இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அவிழ்த்துவிட்டேன். ஒவ்வொரு நாளும் மத்தியானம், இரண்டு மாதம். கொஞ்ச நேரம் என்பது ஒரு மணித்தியாலமாயிற்று, பிறகு இரண்டு. மறுபடி கட்டும்போது மோதிரவிரலும் சின்னவிரலும் முதல் நாளைவிடக் கொஞ்சம் குறைவாக நிமிரும். எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் அடுத்த நாள் அவிழ்த்தேன்.

ஆய்வுகூடத்தில் சேர்ந்த முதல் வருடம் ஒரு சோதனை செய்யச் சொன்னார்கள். கலங்களை ஒரு மெல்லிய ஜெலிக்குள் கலந்து வட்டமாக உறையவைக்க வேண்டும். ஒன்றை ஓரத்தில் பிடித்து விடவேண்டும், இன்னொன்றை ஓரத்திலிருந்து விடுவித்து மிதக்கவிட வேண்டும். அடுத்த நாள் வந்து பார்த்தேன். பிடித்துவிட்டது அதே வட்டமாக இருந்தது. மிதக்கவிட்டது, வைக்கும்போது பழைய இரண்டு ரூபாய் நாணயக் குற்றி அளவு, இப்போது மாத்திரை அளவுக்குச் சுருண்டு கிடந்தது. உள்ளே இருந்த கலங்கள் நாலு பக்கமும் பிடித்து இழுத்துச் சுருக்கிவிட்டன. கெட்ட நோக்கத்தோடு அல்ல, அவற்றுக்குத் தெரிந்தது அதுதான். எதிர்ப்பக்கம் பிடிக்க ஆள் இருந்தால் நிற்கும், இல்லாவிட்டால் சுருங்கும்.

நான் தட்டை வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய்க் கதவைப் பூட்டினேன். எதிர்ப்பக்கம் பிடிக்க வேண்டியவள் நான். நான் கையை விட்டேன்.

இப்போது எனக்கு மிச்சமும் தெரியும். சுருங்கின தழும்பு இறுகும். இறுகின தரையில் கலங்கள் இன்னும் பலமாகப் பிடித்து இழுக்கும். இழுக்க இழுக்க இன்னும் இறுகும். தொடக்கத்தில் பிடிக்காவிட்டால் பிறகு பிடித்துப் பெரிய பயனில்லை. இதை நான் கட்டுரையில் எழுதுகிற பாணியில் எழுதினால் மூன்று வரி. வதனியின் கையில் அது முப்பது வருடமாக இருக்கிறது.

6

அம்மாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் சொல்லத்தான் வேண்டும். அன்றிலிருந்து அம்மா வதனியை அடுப்புக்குக் கிட்ட விடவில்லை. விளக்குக் கொளுத்த விடவில்லை. கோயிலில் கற்பூரத்தட்டை அவள் தொட்டால் கையைத் தட்டிவிடுவார். "உனக்கு நெருப்பை நம்பிக் குடுக்கேலாது" என்பது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. சம்பந்தம் பேசி வந்தவர்கள் கையைப் பற்றிக் கேட்டபோது, ஒளிக்கத் தெரியாத மனுசி, "சின்னனிலை கவனமில்லாமல் விளக்கைத் தட்டிப் போட்டாள்" என்றார். கை ஒரு பக்கம், கவனமில்லாத பிள்ளை என்ற பேர் இன்னொரு பக்கம். வந்தவர்கள் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள்.

வதனி இடக்கையால் எழுதப் பழகினாள். சின்ன வகுப்புகளுக்கு ரீச்சரானாள். நான் தொண்ணூற்றிநாலில் கலியாணம் பேசி, கிளாலிக் கடலைக் கடந்து, கொழும்பு போய், இங்கே வந்தேன். அடுத்த வருடம் சண்டை கிட்ட வந்து, எங்கள் வலிகாமப் பகுதி முழுதும் வீட்டைப் பூட்டிக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்தபோது நான் மீன் தொழிற்சாலையில் நின்றேன். வதனி இரண்டு பைகளைக் கொண்டுபோனாளாம். இடக்கையில் ஒன்று. நிமிராத இரண்டு விரலிலும் மற்றது. "கொழுவி மாதிரி நல்லா நிண்டுது அக்கா" என்று பிறகு கடிதத்தில் எழுதினாள். அந்தக் கடிதத்தை வாசித்த நாளிலாவது நான் பதில் எழுதியிருக்க வேண்டும்.

எழுதவில்லை. காசு அனுப்பினேன். உடுப்பு அனுப்பினேன். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு இது ஒரு வசதி. என்னத்துக்காக அனுப்புகிறோம் என்று ஒருவரும் கேட்பதில்லை.

7

கடிதத்துக்கு வருகிறேன். முதல் நான்கு நாள் ஒன்றும் எழுதவில்லை. ஐந்தாம் நாள் சனிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நோர்வேஜிய மொழியில் எழுதினேன். விளக்கில் தவறான எரிபொருள் இருந்ததாகவும், கொளுத்தியபோது பற்றியதாகவும், அந்தக் காலத்துச் சூழ்நிலையில் தகுந்த சிகிச்சை கிடைக்கவில்லை என்றும். ஒரு வரியும் பொய்யில்லை, ஒரு இடத்திலும் நான் இல்லை. அலுவலகத்துக்கு அது போதும். எனக்கே என் கெட்டித்தனத்தில் ஒரு சின்னத் திருப்தி வந்தது.

என் எழுத்தை மகள் ஆரணி பார்க்காமல் நான் எந்த அலுவலகத்துக்கும் அனுப்புவதில்லை. அவளுக்குப் பதினேழு. வீட்டில் நான் தமிழில் கேட்பேன், அவள் நோர்வேஜிய மொழியில் பதில் சொல்வாள். ஒரு பிழைக்கு ஒரு பெருமூச்சு விட்டுத்தான் திருத்துவாள். அன்றைக்குப் பெருமூச்சு விடாமல் வாசித்தாள். பிறகு தன் மொழியிலேயே கேட்டாள்.

"தவறான எரிபொருளை யார் ஊற்றியது? சித்தியா?"

வெளியே மழை. நாங்கள் இருக்கிற இந்த நகரத்தில் எப்போதும் மழைதான். ஓம் என்ற ஒரு சொல் போதும், அவள் கணினியை மூடிவிட்டுத் தோழியிடம் போய்விடுவாள். அந்த ஓம் என் வாய்க்குள் வந்து நின்றது.

"நான்" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். நூல், தடிமன், போத்தல், பனஞ்சிலாகை. தமிழில்தான் சொன்னேன், வேறு மொழியில் எனக்கு அது வராது. எவ்வளவு விளங்கியதோ தெரியாது. முடிந்ததும் அவளும் தமிழில் பேசினாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு.

"அப்ப சித்தி தெரியாமலே பொய் சொல்லுறா. எல்லாருக்கும்."

"ஓம்."

"உங்களுக்கு அப்ப என்ன வயசு?"

"பத்தொன்பது."

"என்னைவிட ரெண்டுதான் கூட" என்றாள். சமாதானம் சொல்கிறாளா, குற்றம் சொல்கிறாளா என்று அவள் முகத்தில் தேடினேன், தெரியவில்லை. பிறகு விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "சொல்லுங்கோ, நான் அடிக்கிறன்" என்றாள்.

கடிதத்தில் நான் வந்தேன். என் தங்கை எதையும் தட்டி விழுத்தவில்லை, விளக்கில் பெற்றோல் விட்டது நான், சிகிச்சையின்போது மருத்துவ ஆலோசனைக்கு மாறாகக் கட்டை அவிழ்த்ததும் நான். கையெழுத்து வைத்தேன். அலுவலகக் கடிதம் வதனியின் கையால்தான் போக வேண்டும், அவள் அதை யாரிடமாவது கொடுத்து வாசிப்பிப்பாள். அப்படித் தெரியவிடக் கூடாது என்று தமிழில் தனியாக நான்கு பக்கம் எழுதினேன். சிவப்பு நூலைத் திரும்பக் கட்டியதையும் எழுதினேன். இரண்டையும் படம் எடுத்துத் தொலைபேசியில் அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் இரண்டு நீலக் கோடு விழுந்தது. பார்த்துவிட்டாள்.

8

மூன்று நாள் ஒரு சொல்லும் வரவில்லை. கொடுத்த பத்து நாளில் இரண்டு நாள்தான் மிச்சம். நான் தினமும் வேலைக்குப் போய்த் தரை செய்தேன். இரண்டு தடவை கலவையைப் பிழையாக்கினேன், உறையவேயில்லை. சுகமில்லையா என்று தலைமை ஆய்வாளர் கேட்டார். சுகம்தான் என்றேன்.

ஒன்பதாம் நாள் அழைப்பு வந்தது. பின்னால் கொழும்பு வாகனச் சத்தம்.

"கடிதம் குடுத்திட்டன். எடுத்துப் போட்டினம்."

"வதனி..."

"நீ எழுதினதைத்தான் குடுத்தன். ஒண்டும் மாத்தேல்லை."

வைத்துவிடுவாளோ என்று பயந்தேன்.

"அம்மா இருக்கேக்கை சொல்லியிருக்கலாம்" என்றாள்.

"ஓம்."

"கடைசிக் கிழமையிலையும் என்னை அடுப்பு நெருப்பை அணைக்க விடேல்லை அக்கா. படுக்கையிலை கிடந்துகொண்டு பக்கத்து வீட்டு அன்ரியைக் கூப்பிட்டு நூர்ப்பிச்சவ. எனக்கு நாப்பத்திமூண்டு வயசு."

மன்னித்துக்கொள் என்று நான்கு பக்கத்திலும் எழுதியிருந்தேன். குரலில் அதைச் சொல்லத் தைரியம் வரவில்லை.

"சீலைத்துணி உரிக்கேக்கை நீ ஒவ்வொரு நாளும் அழுவாய், ஞாபகம் இருக்கே?"

"இருக்கு."

"எனக்கு உயிர் போகும். எண்டாலும் கத்தமாட்டன். நான் கத்தினால் அக்கா இன்னும் அழுவா எண்டு, வாழையைப் பாத்துக்கொண்டிருப்பன். பாசத்திலை அழுகிறாய் எண்டெல்லோ நான் நினைச்சனான்."

அதுவும்தான் வதனி, அதுவும்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது என்று வைத்துவிட்டாள்.

விசா கிடைத்துவிட்டது. அவளாகச் சொல்லவில்லை, எனக்கு வந்த அலுவலகக் கடிதத்தில் இருந்தது. வலது கைக்கு விலக்கு அளித்திருக்கிறார்கள். அன்றைக்கே அவளுக்கு எழுதினேன்: "ரிக்கற் போடட்டே? எந்தத் திகதி எண்டு நீ சொல்லு."

இரண்டு நீலக் கோடு விழுந்து இன்றோடு பதினொரு நாள்.